உன் பேரில் மட்டும் நேராகப் பறந்த விமானம்

என் கூடப்பிறந்தவனே, மடையா, மயிலு,

போனவர்களைத் திட்டக் கூடாதாம். இருந்தபோது மட்டும் திட்ட விட்டாயா நீ? நான் வாயைத் திறப்பதற்குள் "அத உடுக்கா, டீ இருக்குதா?" என்று அடுப்படிக்குள் நுழைந்துவிடுவாய். இப்போது எங்கேயும் நழுவ முடியாது. உட்கார்ந்து கேள். நாலு பேர் படிக்கிற மாதிரிதான் எழுதுகிறேன். படிக்கட்டும். நம் சாந்தி அத்தையும் படிக்கட்டும்.

மண்ணரைப் பக்கம், நீ மெக்கானிக்காக இருந்த நிட்டிங் கம்பெனியின் மாடி அறையில் உன்னோடு தங்கியிருந்தாரே, தூத்துக்குடிக்காரர் ஜெபராஜ், அவர்தான் உன் சாமான்களைக் கொண்டுவந்தார். துணிமணி ஒரு பை. கேம் கன்சோல் ஒரு பெட்டி. பழைய பனியன் துணியில் சுற்றிய அந்த ஜாய்ஸ்டிக். நிஜ விமானத்தில் இருக்கிற மாதிரி நட்டமாக நிற்கும் கறுப்புக் கைப்பிடி. பெண் பார்க்கிற வயதில் பிளேன் ஓட்டி விளையாடுகிறான் என்று அம்மா தலையில் அடித்துக்கொண்ட அதே கைப்பிடி.

என் பெண் யாழினி அதைக் கண்டதும் ஓடிவருவாள் என்று நினைத்தேன். வரவில்லை. கதவோரம் நின்று பார்த்தாள். உன்னைக் கூப்பிடத்தான் போன் என்று ஒன்று இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்த பெண் அவள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் என் போனைப் பிடுங்கி, "மாமா, வந்து கூட்டீட்டுப் போங்க" என்பாள். நீயும் ராயபுரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து அவளைப் பைக்கில் முன்னால் உட்கார வைத்துக்கொண்டு உன் அறைக்குப் போவாய். அந்த ஞாயிற்றுக்கிழமையும் கூப்பிட்டாள். நீயும் கிளம்பினாய். முன்னால் போன சரக்கு வண்டி நின்றது. நீ நிற்கவில்லை.

அதற்கப்புறம் அவள் போனைத் தொடுவதே இல்லை. அப்பாவிடம்கூட அதில் பேச மாட்டாள். "அப்பாவச் சீக்கிரம் வரச் சொல்லு கண்ணு" என்று நீட்டினால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வாள். எனக்குக் காரணம் புரியவில்லை. குழந்தைதானே, அதிர்ச்சி, சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, ராத்திரியெல்லாம் அவள் மூச்சு விடுகிறாளா என்று பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

கன்சோலையும் ஜாய்ஸ்டிக்கையும் டி.வி.யில் மாட்டி, அவள் பேரிலேயே புதிதாக ஒரு கணக்குத் தொடங்கிக் கொடுத்தேன். விளையாடினாலாவது மனசு மாறட்டும் என்று. விமானம் மேலே கிளம்பியதும் இடப்பக்கம் சாய்ந்தது. அவள் வலப்பக்கம் இழுத்தாள், கையை எடுத்தால் மறுபடியும் சாய்ந்தது. சுற்றிச் சுற்றி வந்து ஏரியில் விழுந்தது. உன் பேரில் போட்டுப் பார்த்தோம். நூல் பிடித்த மாதிரி நேராகப் போயிற்று.

அவள் கைப்பிடியைத் தரையில் வைத்துவிட்டுக் கேட்டாள்: "மாமாவுக்கு எம்மேல கோவமாம்மா? அவரு பேர்ல போனா நேராப் போகுது. என் பேர்ல போனா மட்டும் திருப்பி உடறாரு."

"அவரு எதுக்குக் கண்ணு உன்மேல கோவப்படறாரு?"

"நாந்தான கூப்புட்டேன்?"

எங்கிருந்து வந்தது இந்தப் பேச்சு என்று தேட வேண்டியதே இல்லை. உன் கருமாதி அன்று அத்தை பந்தலில் உட்கார்ந்து, வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது என் காதிலும்தான் விழுந்தது. "பையன் பாட்டுக்கு ரூம்ல தூங்கீட்டு இருந்தானாமா. இந்தப் புள்ள போன் பண்ணி வா வான்னதுக்கு ஓடியாந்திருக்கறான். நேரம் பாத்தீங்ளா." யாழினி என் சேலையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றிருந்தாள். அழுகிற வீட்டில் சண்டை எதற்கு என்று நான் வாயை மூடிக்கொண்டேன்.

உன் மச்சான், "அது பழசாயிருச்சு, தூக்கிப் போடு, வேற வாங்கிக் குடுத்தறலாம்" என்றார். வேறு வாங்கினால்? மாமனின் கோபம் பழைய கைப்பிடியோடு குப்பைக்குப் போய்விட்டது என்று அவள் நம்பவா? அந்தக் கைப்பிடிதான் நேராகப் போயாக வேண்டும். வேறு எதுவும் உதவாது.

கேபிளைக் கழற்றி வேறு துளையில் சொருகினேன். கன்சோலை அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். விளையாட்டை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் உன் மச்சானின் ஆபீஸ் லேப்டாப்பில் மாட்டிச் சோதித்தேன். யாரும் தொடாமல் மேசைமேல் நிற்கிறது கைப்பிடி. திரையில் நடுவில் இருக்க வேண்டிய புள்ளி இடப்பக்கம் ஒதுங்கி நிற்கிறது. சரி, கோளாறு கைப்பிடியில்தான். அப்படியானால் உன் பேரில் மட்டும் எப்படி நேராகப் போகிறது?

உன் கணக்கில் அமைப்புகளைத் திறந்து பார்த்தேன். டெட் ஸோன் என்று ஒன்று இருக்கிறது. கைப்பிடி லேசாக அசைந்தால் அதைக் கண்டுகொள்ளாதே என்று விளையாட்டுக்குச் சொல்வது. மற்றவர்கள் துளி வைப்பார்கள். நீ ஏறக்குறைய பாதிக்குத் தள்ளி வைத்திருந்தாய். ஆக, சாய்வது உனக்குத் தெரியும். நல்லாவே தெரியும். ஊரில் இருக்கிற மெஷினையெல்லாம் பிரித்துப் போட்டுச் சரி செய்கிறவன், உன் கையில் இருப்பதைப் பிரிக்காமல், கண்டுகொள்ளாதே என்று சொல்லிவிட்டுப் பறந்திருக்கிறாய்.

ஜெபராஜுக்குப் போன் செய்தேன். இதைக் கேட்கத்தான் செய்தேன். அவர் சிரித்தார், அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. "அவன் எல்லாத்துக்கும் அப்படித்தாங்க்கா. பைக்குல முன் பிரேக் பிடிக்கவே இல்ல. நானும் எத்தன மட்டம் சொன்னேன், மாத்துலே, மாத்துலேன்னு. எனக்குப் பழகிட்டுண்ணே, கால் பிரேக்கே போதும்னுட்டான்."

அந்த வண்டியில்தானே மயிலு, என் பெண்ணை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு போனாய்? வாரா வாரம்? நான் வாசலில் நின்று டாட்டா காட்டினேனே! "பத்திரமாப் போடா" என்றதற்கு "நானு மெக்கானிக்குக்கா" என்று சிரித்தாயே! நீ வரும்போது நடந்தது, திரும்பும்போது நடந்திருந்தால்? போனை வைத்துவிட்டுக் குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக் கத்தினேன். உன்னை என்னென்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது.

மறுநாள் கைப்பிடியைப் பிரித்தேன். எலக்ட்ரானிக்ஸ் படித்தவள் நான், மறந்துவிட்டாயா? படிப்பை எல்லோரும் மறந்துவிட்டார்கள். நானே மறந்திருந்தேன். அடியில் ரப்பர் பாதத்துக்குக் கீழே ஒரு திருகு ஒளிந்திருந்தது. திறந்தால், உள்ளே பஞ்சு. நீ இருந்த அறைக்குக் கீழே நாள் முழுக்க நூல் ஓடுகிறது, பஞ்சு வராமல் இருக்குமா? ஆனால் அது காய்ந்த பஞ்சு இல்லை. எண்ணெயில் ஊறி மெத்தென்று ஒட்டிக் கிடந்தது. முகர்ந்து பார்த்தேன். மெஷின் ஆயில். கைப்பிடி கிறீச்சிட்டதும் உன் புத்தி எங்கே போயிருக்கும் என்று தெரியாதா? இந்த ஊரில் எது இறுகினாலும் நாலு சொட்டு மெஷின் ஆயில். ரேடியோவில் சத்தம் கூட்டுகிற திருகு மாதிரி உள்ளே சின்னதாக ஒன்று இருக்கிறது, கைப்பிடி எவ்வளவு சாய்ந்தது என்று அதுதான் சொல்லும். அதற்குள்ளேயும் ஊற்றியிருக்கிறாய். எண்ணெய் பஞ்சைப் பிடித்தது, பஞ்சு அதைப் பொய் சொல்ல வைத்தது.

கடையில் எலக்ட்ரானிக்ஸ் துடைக்கிற கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே வாங்கி வந்து அடித்து, காதுக் குச்சியால் துடைத்து, காயவைத்து மாட்டினேன். யாழினி கிளப்பினாள். விமானம் தலைகுப்புறத் தரைக்குப் போயிற்று.

"இப்பக் கீழயே தள்ளி உடறாரும்மா!"

கைப்பிடியை நடுவில் நிறுத்துகிற ஸ்பிரிங்கைத் தலைகீழாக மாட்டியிருக்கிறேன். அழுவதா சிரிப்பதா? அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, அவள் கண்ணெதிரிலேயே மறுபடி பிரித்தேன். துடைத்தெடுத்த பஞ்சை வெள்ளைத் தாளில் வைத்துக் காட்டினேன். உன் கணக்கில் நீ மாற்றி வைத்திருந்ததையும் காட்டினேன்.

"இதுதான் சாச்சுது. கோவமெல்லாம் இல்ல."

"மாமாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்பறம் ஏன் சரி பண்ணல?"

அதற்குமேல் மறைப்பதில் அர்த்தமில்லை. வண்டியிலும் பிரேக் கெட்டிருந்தது, அதுவும் மாமாவுக்குத் தெரியும், அவள் கூப்பிட்டதால் இது நடக்கவில்லை, யார் கூப்பிட்டிருந்தாலும் அந்த வண்டி நின்றிருக்காது என்று சொன்னேன். பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் சிவந்தது. கைப்பிடியை ஓங்கித் தட்டினாள்.

"லூசு மாமா! என்னையும் அதுலதான உக்கார வெச்சுக் கூட்டீட்டுப் போனீங்க?"

திட்டினாள், மயிலு! அப்புறம் என் மடியில் விழுந்து அழுதாள். உனக்காக அவள் வாய்விட்டு அழுதது அன்றுதான்.

ஸ்பிரிங்கைச் சரியாக மாட்டினோம். அவள் பேரில் விமானம் நேராகப் போயிற்று. ஏரியைத் தாண்டி, மலையைத் தாண்டி. கையை எடுத்தாள், அப்போதும் நேராகவே போயிற்று. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, எழுந்து என் போனை எடுத்தாள்.

"அப்பா, ஊட்டுக்கு வாங்க. பிளேன் ரெடி ஆயிருச்சு. மெதுவா வாங்க. பிரேக் புடிக்குதான்னு பாத்துட்டு வண்டிய எடுங்க."

அத்தையிடமும் அன்றே பேசிவிட்டேன். "நான் என்ன கண்ணு தப்பாச் சொல்லிப்போட்டேன்?" என்றார். "சொல்லிப்போட்டீங்க அத்தை. இன்னொருக்கா எம்புள்ள காதுல அது உழுந்துச்சுன்னா, பெரியவங்கன்னு பாக்க மாட்டனுங்க" என்றேன். இன்னும் என்னோடு பேசவில்லை. பேசாமலே இருக்கட்டும்.

உன் கணக்கை அழிக்க மாட்டேன். நீ தள்ளி வைத்திருந்த டெட் ஸோனை மட்டும் குறைத்து வைத்துவிட்டேன். இந்த வீட்டில் இனி எந்தக் கோளாறுக்கும் யாரும் பழகிக்கொள்ளப் போவதில்லை, நான் விட மாட்டேன். யாழினி யாரை வேண்டுமானாலும் பயமில்லாமல் கூப்பிடுகிறவளாக வளர்வாள். உன்னை அவள் மறக்க மாட்டாள். திட்டவும் மறக்க மாட்டாள், அதையும் நான் பார்த்துக்கொள்கிறேன்.

கோபம் தீராத,
உன்னைத் திட்ட இன்னும் உரிமையுள்ள
உன் அக்கா