நூற்றிப்பத்து நாள்

மார்த்தாண்டம்
4-2-2007

அன்புள்ள மகன் குமாரதாஸுக்கு அப்பா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் உன் அம்மையும் சுகம், உன் பெண்டாட்டி பிரிஜாவைப் பற்றி அப்படி எழுத முடியாததால்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாமென்றால் உன் அம்மை பக்கத்திலேயே நிற்கிறாள், எனக்கும் கூச்சம். அடுத்த வீட்டு சுஜின் வியாழக்கிழமை சவூதிக்கு, உன் தமாமுக்கே வருகிறான், அவன் கையில் கொடுத்து விடுகிறேன், ஏத்தங்காய் சிப்ஸும் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை பிரிஜாவை நாகர்கோவிலில் ஒரு டாக்டரம்மாவிடம் கொண்டுபோனோம். மாதந்தோறும் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடப்பதை உன் அம்மை, 'வேலை செய்ய மடியாக்கும்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள், நானும் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன். ஸ்கேனில் இடது சினைப்பையில் எலுமிச்சங்காய் அளவு கட்டி. எண்டோமெட்ரியோசிஸ் என்று எழுதித் தந்தார். கருப்பைக்குள் இருக்கும் சவ்வைப் போன்றது வெளியிலும் பிடித்து வளருமாம், மாதவிலக்கின்போது அங்கேயும் ரத்தம் கசிந்து புண்ணாகி, குழாயையும் சினைப்பையையும் ஒட்டவைத்துவிடுமாம், கரு உண்டாகத் தடையாவது அப்படித்தான். இது இருந்தும் எத்தனையோ பேர் பெற்றிருக்கிறார்கள், தள்ளிப்போடக் கூடாது, அவ்வளவுதான் என்றார். பிள்ளை பிறந்தால் வலி தானாகப் போய்விடுமே என்றாள் உன் அம்மை. பிள்ளை மருந்து இல்லை, வலி திரும்பவும் வரலாம் என்று டாக்டரம்மா கொஞ்சம் கடுமையாகவே சொன்னார். உண்டானால் நஞ்சுக்கொடி கீழே இருக்கிறதா, நாளுக்கு முன்னே வலி வருகிறதா என்று கூடுதலாகக் கவனிக்க வேண்டுமாம், பெரும்பாலும் நல்லபடியாகவே முடியுமாம்.

எத்தனை வருஷமாகப் பிள்ளைக்குப் பார்க்கிறீர்கள் என்று கேட்டதற்கு உன் அம்மை முந்திக்கொண்டு, 'கல்யாணம் கழிஞ்சு அஞ்சு வருஷமாச்சு டாக்டரே' என்றாள். அவரும் அப்படியே எழுதிவிட்டார். பிரிஜா தலை நிமிராமல், 'அஞ்சு வருஷம் இல்ல மாமி, அவிய லீவுல வந்து எங்கூட நின்னது நூத்திப்பத்து நாளாக்கும்' என்றாள். டாக்டரம்மா எழுதியதை அடித்தார். பஸ் ஸ்டாண்டில் இருபத்தெட்டு வருஷம் டைம்கீப்பராக இருந்தவன் நான், வந்த நேரமும் போன நேரமும் குறிப்பதுதான் என் வேலை. வீட்டுக்கு வந்து பழைய காலண்டர்களை எடுத்துப் பார்த்தேன். கல்யாணத்துக்கு நாற்பது, இரண்டு லீவுக்கும் முப்பத்தைந்து முப்பத்தைந்து. அவள் சொன்னதில் ஒரு நாள்கூட பிசகவில்லை. அஞ்சு வருஷமாகப் பிள்ளையில்லை என்று ஊரார் அவளைப் பேசியதும், சபையில் பெண்கள் அவளை முன்னால் நிறுத்தி ஜெபித்ததும், நாங்கள் வாயை மூடிக்கொண்டு நின்றதும் இந்த நூற்றிப்பத்து நாளுக்குத்தான். எனக்கு வெட்கமாக இருக்கிறது. வேறு ஏதாவது கேட்க வேண்டுமா என்று டாக்டரம்மா கேட்டபோதும் பிள்ளை வருமா என்று பிரிஜா கேட்கவில்லை, வலி நிற்குமா என்று மட்டும் கேட்டாள்.

ஏப்ரல் பதினாறாம் தேதி வயிற்றில் சிறு துளை போட்டு ஆபரேஷன். அதற்குப் பிறகுள்ள மாதங்கள்தான் நல்ல காலமாம், விட்டால் கட்டி மறுபடியும் வரலாமாம். டிசம்பரில்தான் லீவு என்கிறாய், டிசம்பரில் வந்து என்ன செய்யப்போகிறாய்? ஏப்ரலில் வா, இல்லையென்றால் ஆபரேஷன் முடிந்து அவளை அங்கே கூப்பிட்டுக்கொள்ள வழி பார். உனக்கும் ஒரு பரிசோதனை வேண்டுமாம், அதை அங்கேயே செய்துவிடு, அதில் மானக்கேடு ஒன்றும் இல்லை மக்கா.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பார், வெயிலில் அலையாதே. ஆபரேஷன் தாளில் புருஷன் கையெழுத்துக்கு ஒரு இடம் இருக்கிறது. வெளிநாட்டில் இருந்தால் மாமனார் போடலாம் என்று நர்ஸ் பேனாவை நீட்டினாள். நான் போடவில்லை.

உன் அப்பா
ரசலையன்