நாலு விரல் மேலே

786
அலவத்துகொட,
12.10.1970

பொன்னையாவுக்கு,

அலவத்துகொட ஹலீம் எழுதுவது. என் பேரைப் பார்த்ததும் கடிதத்தைக் கிழிக்கத்தான் உனக்குக் கை வரும். வாசித்துவிட்டுக் கிழி. உன் விலாசத்தைக் கண்டித் துவக்குப் பட்டறையில் உன்னோடு வேலை செய்த இராமையாவிடம் வாங்கினேன். அதைத் தருவதற்கு அவன் என்னை மூன்று தரம் நடக்கவைத்தான். நீ சொல்லிவைத்தாயோ, அவனாகச் செய்தானோ தெரியாது.

இந்த முறை ஹஜ்ஜுக்குப் போக எனக்கு இடம் கிடைத்திருக்கிறது. தை மாதம் புறப்பட வேண்டும். புறப்படுகிறவன் யாருக்காவது அநியாயம் செய்திருந்தால் முதலில் அவர்களிடம் போய்ப் பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்க வேண்டும். வீடு வீடாகப் போய்க் கேட்டேன். எல்லாரும் மனம் நிறைந்து பொறுத்தார்கள். என் கூடப்பிறந்த தங்கச்சி றமீஸா மட்டும், என்னிடம் கேட்க ஒன்றுமில்லை நானா, கோத்தகிரிக்குப் போன பொன்னையாவிடம் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். அவள் வாயில் உன் பேர் வந்தது எனக்குப் பெரிய அவமானம். அவளுடைய பிடிவாதத்துக்காகத்தான் எழுதுகிறேன். எனக்காக அல்ல.

நடந்ததை நீ வேறு மாதிரிச் சொல்லித் திரிகிறாய் போல் இருக்கிறது. ஆகவே நானே எழுதுகிறேன். நாலு வருஷத்துக்கு முன், ஐப்பசி மழை தொடங்குமுன், என் ரைபிளைச் சுத்தம் செய்ய உன்னிடம் கொடுத்தேன். குழாயின் உள்ளே துரு ஏறக்கூடாது என்று நான் சொன்னது உண்மை. பத்து நாள் கழித்து றமீஸாவின் புருஷன் பாயிஸ் போய் எடுத்துவந்தான். கண்ணை வைத்துப் பார்த்தால் குழாய் கண்ணாடி மாதிரி இருந்தது. அதை மறுக்கவில்லை.

அடுத்த கிழமை மரவள்ளித் தோட்டத்தில் பன்றி இறங்கியது. சுபஹுத் தொழுதுவிட்டு நானும் பாயிஸும் போனோம். நன்றாக வெளிச்சம் வந்திருந்தது. ஐம்பது கெஜத் தூரம். காதுக்குப் பின்னால் குறிவைத்தேன். அந்தத் தூரத்தில் நான் தவறியதை இந்த ஊரில் ஒருவன் கண்டிருந்தால் சொல்லட்டும். என்னை ஒத்தவெடி ஹலீம் என்று சும்மா சொல்லவில்லை. அன்றைக்கு வெடி நாலு விரல் மேலே போய்ப் பிடரித்தோலைக் கிழித்தது. நான் மறு தோட்டாவை ஏற்றுமுன் பன்றி வரம்பில் நின்ற பாயிஸின் தொடையைக் கிழித்துவிட்டது. இரண்டாவது வெடி குறிவைத்த இடத்தில் பட்டு, பன்றி அங்கேயே விழுந்தது. அதே துவக்கு, அதே கை, அதே பெட்டித் தோட்டா. முதல் வெடி மட்டும் ஏன் தவறியது? குழாயில் நீ விட்டுவைத்த எண்ணெயால். நான் பட்டறைக்கு வந்து சொன்னதும் இதைத்தான். அதில் எது பொய்?

நீ பாயிஸிடம் ஏதோ சொல்லி அனுப்பினாய் என்று றமீஸா இப்போது சொல்கிறாள். சொன்னாய் என்றே வைத்துக்கொள்வோம். வாய்ச்சொல் கட்டுகஸ்தோட்டைப் பாலம் தாண்டுமுன் காற்றில் போய்விடும். ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக் கட்டி அனுப்ப உனக்குத் தெரியாதா?

பாயிஸ் இன்றைக்கும் பொல்லூன்றித்தான் நடக்கிறான். மாத்தளைச் சந்தைக்கு வெற்றிலை கொண்டுபோனவன் என் கடையில் கதிரையில் உட்கார்ந்திருக்கிறான். அதையும் நினைத்துக்கொள்.

கோபத்தில் நான் ஏதாவது சொல்லி உன் மனம் நொந்திருந்தால், பொறுத்துவிட்டேன் என்று இரண்டு வரி எழுதிப் போடு. றமீஸாவிடம் காட்ட வேண்டும். தாமதிக்காதே.

உன் குடும்பத்தை இறைவன் பார்த்துக்கொள்வான்.

அ. ஹலீம்

*

கோத்தகிரி,
2.11.1970

ஹலீம் முதலாளிக்கு,

முதலாளி என்று எழுதியது பழைய பழக்கத்தில் வந்துவிட்டது. அடித்தால் அசிங்கமாக இருக்கும் என்று விட்டிருக்கிறேன். இனி எழுதமாட்டேன்.

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். கிழிக்கவில்லை. என் மனைவி சுந்தரி கிழிக்கச் சொன்னாள். இது என்னிடம் இருக்க வேண்டிய கடிதம் என்று வைத்துக்கொண்டேன். கடதாசியில் எழுதிக் கட்டத் தெரியாதா என்று உங்கள் கையாலேயே கேட்டிருக்கிறீர்கள் அல்லவா, அதற்காக.

கட்டினேன். விசையைச் சுற்றி இருக்கிற வளையத்தில் நூலால் ஒரு அட்டை கட்டினேன். குழாயில் எண்ணெய் உண்டு, காய்ந்த துணியைக் கம்பியில் கோத்துத் துணி ஈரமில்லாமல் வரும்வரை இழுக்கவும், பிறகு ஒரு வெடியைக் கடதாசிக்கு வைத்துப் பார்த்த பின் பாவிக்கவும் என்று எழுதினேன். மழைக்காலம் முழுக்கத் துவக்கு அலுமாரியில் கிடக்கும் என்று நீங்கள் சொன்னதால்தான் அவ்வளவு எண்ணெய் விட்டேன். பாயிஸ் வந்தபோது அவரைப் பட்டறைக்குப் பின்னால் கூட்டிப் போய், நாங்கள் சுட்டுப் பார்க்கிற பழைய கடதாசி ஒன்றைக் காட்டினேன். எண்ணெயோடு வைத்த முதல் வெடி தனியாக மேலே இருந்தது. அதற்குப் பிறகு வைத்த மூன்றும் கீழே ஒரு ரூபாய்க் காசு மறைக்கிற இடத்தில் இருந்தன. அவர் விரலால் அளந்து பார்த்தார். நாலு விரல் என்று அவர்தான் சொன்னார். அந்த அளவு உங்களுக்கு எங்கிருந்து கிடைத்தது என்று யோசித்துப் பாருங்கள்.

நீங்கள் பட்டறைக்கு வந்த அன்று நான் அட்டையைப் பற்றிச் சொன்னேன். அட்டை எங்கே, காட்டு என்றீர்கள். என்னிடம் எப்படி இருக்கும்? பட்டறை முதலாளி உங்கள் முகத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். கள்ளத்தோணிக்குத் துவக்கைத் தொட என்ன தெரியும் என்று கேட்டீர்கள். துவக்கு வாங்க வந்த ஆட்கள் ஆறேழு பேர் நின்றார்கள். நான் தோணியில் களவாக வந்தவனில்லை, இங்கே பன்விலத் தோட்டத்தில் பிறந்தவன். என் அப்பனும் அங்கேதான் பிறந்தான்.

ஏதாவது சொல்லியிருந்தால் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஏதாவது இதுதான்.

அந்தக் கிழமையே வேலை போனது. இலங்கைப் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டிருந்தேன். வேலை செய்த இடத்திலிருந்து நற்சான்று கேட்டார்கள். துவக்கைக் கெடுத்து ஆளை நொண்டியாக்கினவன் என்று பேர் எடுத்தவனுக்குப் பட்டறை முதலாளி கையெழுத்து வைக்கவில்லை. மனு தள்ளுபடியானது. தலைமன்னாரில் இந்தியாவுக்குக் கப்பலேறினோம். பதினான்கு வருஷம் துவக்குக் குழாய் பார்த்தவன், தோட்டத்தில் அப்பன் செய்த வேலையை இங்கே செய்கிறேன். தேயிலை ஒன்றுதான், மலை வேறு.

சுந்தரியின் அம்மா இராஜேஸ்வரிக்கு அங்கேயே பிரஜாவுரிமை கிடைத்ததால் பன்விலவில் தங்கிவிட்டார்கள். மருமகன் கவனமில்லாமல் ஒருவன் காலைக் கெடுத்து, வேலையும் கெட்டு, மகளையும் கடல் தாண்டிக் கொண்டுபோனான் என்று அவர்கள் நம்புகிறார்கள். கடிதம் போட்டால் மகளுக்கு மட்டும் பதில் வரும். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது.

நீங்கள் ஹஜ்ஜுக்குப் போவதும் போகாததும் உங்கள் பாடு. எனக்கு இரண்டு காரியம் ஆக வேண்டும். பட்டறைக்குப் போய், நான் நின்ற இடத்தில் நின்று, ஆட்கள் இருக்கிற நேரம் பார்த்து நடந்ததைச் சொல்லுங்கள். பிறகு பன்விலவுக்குப் போய் என் மாமியாரிடம் சொல்லுங்கள். அட்டைக்கு என்ன நடந்தது என்றும் எனக்கு எழுதுங்கள். உங்களுக்குத் தெரியும்.

அதற்குப் பிறகும் பொறுப்பேனா என்று இப்போது சொல்ல முடியாது. இரண்டு வரியில் எழுதுகிற விஷயமில்லை இது.

பாயிஸ் நல்ல மனிதர். அவரைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

பொ. பொன்னையா

*

786
அலவத்துகொட,
9.12.1970

மதிப்புக்குரிய பொன்னையா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் நோன்பில் கிடைத்தது. வாசித்துவிட்டு, பதில் போடுவதில்லை என்றுதான் முடிவு செய்தேன். எனக்குக் கட்டளை போட நீங்கள் யார் என்று கோபம் வந்தது. அந்தக் கோபம் பெருநாள் வரைக்கும் இருந்தது. இன்னும் கொஞ்சம் இருக்கிறது. மறைக்கவில்லை.

அட்டையை நான்தான் அறுத்தேன். பாயிஸ் துவக்கைக் கொண்டுவந்த அன்று பின்னேரம், முற்றத்தில் வைத்து, பேனாக்கத்தியால். நீங்கள் சொன்னதை அவன் ஒன்றும் விடாமல் சொன்னான். விரலை மடக்கிக் காட்டி நாலு விரல் என்றான். மச்சான், ஒரு வெடி வைத்துப் பார்ப்போம் என்றும் சொன்னான். வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வளவு ஹபீல் நின்றான். ஒத்தவெடி ஹலீம் கடதாசிக்கு வெடி வைத்துப் பழகுகிறான் என்று அவன் ஊர் முழுக்கச் சொல்லுவான் என்று நினைத்தேன். எண்ணெய் துடைக்கிற ஒருவன் எனக்குப் பாடம் சொல்கிறதா என்று ஹபீலுக்குக் கேட்கிற மாதிரிச் சத்தமாகச் சொன்னேன். அட்டையைக் குப்பையோடு எரித்தேன். காய்ந்த துணியைக்கூட இழுக்கவில்லை. அதற்கு எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்?

ஆஸ்பத்திரியில் பாயிஸுக்கு நினைவு வந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, அட்டையைப் பற்றி யாரிடமாவது சொன்னாயா என்பது. வலிக்கிறதா என்று கேட்கவில்லை. இல்லை மச்சான் என்றான். இனியும் சொல்லாதே என்று சொல்லத் தேவைப்படவில்லை, அவனுக்கு விளங்கிவிட்டது. அவனுடைய பிள்ளைகள் அப்போது என் வீட்டில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நாலு வருஷம் வாயைத் திறக்கவில்லை. நான் ஹஜ்ஜுக்குப் போகிறேன் என்றதும் அவனால் பொறுக்க முடியாமல் றமீஸாவிடம் சொல்லியிருக்கிறான்.

போன சனிக்கிழமை பட்டறைக்குப் போனேன். அன்றைக்குத்தான் கூட்டம் இருக்கும் என்று இராமையா சொன்னான். உங்களுடைய மேசையில் வேறொருவர் இருக்கிறார். அதற்கு முன்னால் நின்று சொன்னேன். அட்டை, எண்ணெய், கடதாசி எல்லாம் சொன்னேன். உங்களைச் சொன்ன அந்தச் சொல்லையும், யார் யார் முன்னால் சொன்னேன் என்பதையும் சொன்னேன். பட்டறை முதலாளி எழுந்து வந்து என் கையைப் பிடித்து, பழைய கதை ஹாஜியார், உள்ளே வாருங்கள், தேத்தண்ணி குடியுங்கள் என்றார். நான் இன்னும் ஹாஜியார் இல்லை என்று கையை எடுத்துவிட்டேன். நற்சான்றைப் பற்றிக் கேட்டேன். ஆள் கப்பலேறிப் போய்விட்டான், இனி எதற்கு என்றார். அவர் சொன்னது சரிதான். அது என்னை அடிப்பதைவிட மோசம். இராமையா தலை நிமிரவில்லை. குழாய்க்குள் கம்பியை இழுத்துக்கொண்டே இருந்தான். நான் வெளியே வரும்போது, இவ்வளவு நாளும் நானும் சொல்லாமல்தான் இருந்தேன் என்று மட்டும் சொன்னான்.

மறுநாள் பன்விலவுக்குப் போனேன். உங்கள் மாமியார் தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் யார் என்று சொன்னேன். உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே முழுவதையும் சொன்னேன். கடைசிக் கல்லையும் எடுத்தார்கள். பிறகு சுளகைக் கீழே வைத்துவிட்டு, வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை கோவில் வாசலில் மண்ணை வாரி அவன் பேரைச் சொல்லித் தூத்தினேனே என்றார்கள். இந்த வெள்ளிக்கிழமையிலிருந்து உங்க பேரைச் சொல்லப்போறேன், உங்க முழுப் பேர் என்ன என்று கேட்டார்கள். சொன்னேன். அப்துல் ஹலீம் என்று இரண்டு தரம் சொல்லிப் பழகிக்கொண்டார்கள்.

நான் பஸ்ஸுக்கு இறங்கும்போது கூப்பிட்டு, மருமகனுக்கு எழுதுவீங்களா என்று கேட்டார்கள். எழுதுவேன் என்றேன். இடது கண் தெரியல, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக ஆள் இல்லன்னு அவன்கிட்ட எழுதுங்க, மககிட்ட சொல்ல வேணாம், அழுவா, அவன்கிட்ட மட்டும் சொல்லுங்க என்றார்கள். நாலு வருஷத்துக்குப் பிறகு அவர்கள் உங்களுக்குச் சொல்லி அனுப்புகிற முதல் வார்த்தை என்பதால் சொன்னபடியே எழுதியிருக்கிறேன். கண் ஆஸ்பத்திரிக்கு நான் கூட்டிப்போகிறேன் என்றேன். உங்களோடு வரமாட்டேன் என்றார்கள். றமீஸா வருகிற செவ்வாய்க்கிழமை போய்க் கூட்டிப்போவாள். அதற்கு ஒத்துக்கொண்டார்கள்.

ரைபிளை லைசனோடு அரசாங்கக் கச்சேரியில் ஒப்படைத்துவிட்டேன். ஹஜ்ஜுக்குக் கொடுத்த பேரையும் திரும்ப எடுத்துவிட்டேன். என் இடத்தில் கம்பளையிலிருந்து ஒருவர் போகிறார். நீங்கள் கேட்டு நான் இதைச் செய்யவில்லை. பாயிஸ்கூடப் போங்கள் என்றுதான் சொன்னான். பட்டறை வாசலில் நின்று பேசிவிட்டு வந்த பிறகு எனக்குப் போக மனம் வரவில்லை.

பொறுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதத்தான் இந்தக் கடதாசியை எடுத்தேன். முன்பு எழுதினது போல அதை இரண்டு வரியில் எழுத இப்போது கை வரவில்லை. பொறுக்கமாட்டேன் என்று நீங்கள் எழுதினாலும் வாசித்துக்கொள்வேன். ஒன்றும் எழுதாமல் மட்டும் விட்டுவிடாதீர்கள். ஹஜ்ஜுக்கு ஏன் போகவில்லை என்று அடுத்த வருஷமும் ஊரில் கேட்பார்கள். அப்போது உங்கள் பேரைச் சொல்லமாட்டேன். என் பேரைச் சொல்வேன்.

உங்களுக்கும் சுந்தரிக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுளைத் தரட்டும். எனக்கும் கொஞ்சம் தரட்டும், உங்கள் பதில் வந்து சேரும் வரைக்காவது.

அப்துல் ஹலீம்