ஐந்தாவது கட்டம்

மார்ச் 3, திங்கள்

தங்கை போன் செய்தாள். அம்மா மறுபடி குளியலறையில் வழுக்கி விழுந்திருக்கிறாள். பெரிய அடி இல்லை. தூக்கி நிறுத்தப் போய் இவளுக்குத்தான் முதுகு பிடித்துக்கொண்டது.

"இனிமே என்னால முடியாதுண்ணா. இத்தன வருஷம் பாத்துட்டேன். நீ ஏதாவது ஒரு முடிவு சொல்லு" என்றாள். குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில் உட்கார்ந்து பேசுவதாக ஏற்பாடு. வெறுங்கையோடு போகக் கூடாது. முறையாக ஓர் அறிக்கை தயாரிக்கப் போகிறேன்.

மார்ச் 4

அலுவலகத்தில் என்னை 'அட்டை சார்' என்பார்கள். ஊரார் திட்டங்களுக்கெல்லாம் அறிக்கை தயாரித்துக் கொடுப்பது எங்கள் வேலை. உள்ளே சரக்கு இருக்கோ இல்லையோ, என் அட்டையைப் பார்த்தே பாதிப் பேர் தலையாட்டிவிடுவார்கள். ஊராருக்கே அப்படிச் செய்கிறவன் பெற்றவளுக்குச் செய்ய மாட்டேனா?

மார்ச் 6, வியாழன்

லீவு போட்டுவிட்டு முதியோர் இல்லங்களைப் போய்ப் பார்த்தேன். கட்டில், குளியலறைக் கைப்பிடி, ஜன்னல் என்று ஒன்று விடாமல் படம் எடுத்தேன்.

மாலையில் ஒப்பீட்டு அட்டவணை போட உட்கார்ந்தேன். இல்லங்களுக்கு மூன்று கட்டம், தங்கை வீட்டுக்கு ஒன்று, எங்கள் வீட்டுக்கு ஒன்று. ஐந்தும் பக்கத்துக்குள் அடங்கவில்லை. எழுத்தெல்லாம் நசுங்கி, பார்க்கச் சகிக்கவில்லை. கடைசிக் கட்டத்தை எடுத்துவிட்டேன். இப்போது பளிச்சென்று இருக்கிறது.

மார்ச் 8, சனி

வேலை முடிந்தது. பொருளடக்கம், படங்கள், நிகழ்வுப் பதிவு, பரிந்துரை எல்லாம் கச்சிதம். அறிக்கையில் உறவுமுறை வரக் கூடாது என்பது எங்கள் அலுவலக வழக்கம். அதனால் கடைசியாக, 'அம்மா' என்று வந்த இடத்திலெல்லாம் ஒரே தட்டில் 'பயனாளி' என்று மாற்றினேன். ஆளுக்கொரு பிரதி எடுத்து, சுருள்கம்பி போட்டு வாங்கி வந்தாயிற்று.

மனைவி புரட்டிப் பார்த்தாள். "நல்லா இருக்குங்க" என்றவள் அட்டவணையில் நின்றாள். "நம்ம வீடு எங்க?"

"அகலம் பத்தல."

அதற்கு மேல் அவளும் கேட்கவில்லை. கேட்காததில் இரண்டு பேருக்குமே நிம்மதி.

மார்ச் 9, ஞாயிறு

எழுதவே கை கூசுகிறது.

பிரதிகளைக் கொடுத்தேன். தங்கை போனில் சொன்னதையெல்லாம் அவள் வார்த்தையிலேயே நிகழ்வுப் பதிவில் சேர்த்திருந்தேன். அவள் அந்தப் பக்கத்தைத்தான் பிரித்தாள். பிரித்து, சத்தமாகப் படித்தாள்: "'அண்ணா, பயனாளி விழுந்துட்டாங்க. பயனாளிவுக்கு முட்டியில அடி. பயனாளி உன்னத்தான் கேக்கறாங்க.'"

முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு பார்த்தால் அவள் அழுதுகொண்டிருக்கிறாள். "நான் இப்படியாண்ணா சொன்னேன்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். மாப்பிள்ளை அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா மட்டும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து படித்தாள். "படமெல்லாம் நேர்ல பாக்கற மாதிரியே இருக்குடா." அட்டவணைக்கு வந்ததும் விரல் வைத்து ஒவ்வொரு கட்டமாக நகர்ந்தாள். நான்கும் முடிந்த பிறகு விரல் காலி ஓரத்தில் கொஞ்ச நேரம் நின்றது.

"இந்த ரெண்டாவது இடம் நல்லா இருக்கும்போல. நீயே நல்ல மார்க் போட்டிருக்கியே" என்றாள்.

"அவசரம் ஒண்ணுமில்லம்மா" என்றேன். அவ்வளவுதான் வந்தது. நம்ம வீட்டுக்கு வாம்மான்னு சொல்ல வாய் என்ன வலிக்குதா உனக்கு? எல்லாரும் உக்காந்திருந்தாங்களே, சொல்லியிருக்கலாமே — சீ, நீயெல்லாம் ஒரு பிள்ளையா?

மார்ச் 10

தாளை அகலவாக்கில் திருப்பினால் ஐந்து கட்டமும் தாராளமாக அடங்கும். இது எனக்கு வியாழக்கிழமையே தெரியும். எங்கள் வீட்டைக் கடைசியில் வைத்ததும் நான்தான்.

மார்ச் 15

மனைவியிடம் சொல்லிவிட்டு அம்மாவுக்குப் போன் செய்தேன். "நம்ம வீட்டுக்கே வந்துடேம்மா."

"போடா, துணிமணியெல்லாம் எடுத்து வெச்சாச்சு. இவ்வளவு பாத்துப் பாத்துப் பண்ணியிருக்க, அது வீணாப் போகணுமா?"

நான் இன்னொரு தடவை கேட்கவில்லை. கேட்பேன் என்று நினைத்தாளோ என்னவோ, கொஞ்ச நேரம் போனை வைக்காமலே இருந்தாள்.

மார்ச் 22

அம்மாவைக் கொண்டுபோய் விட்டோம். வழியெல்லாம் தங்கை என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

பழமும் புதுத் துண்டும் வாங்கிக்கொண்டு போனேன். அறை வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே பேச்சு கேட்டது. பக்கத்துக் கட்டில் அம்மாளுக்கு என் அறிக்கையைக் காட்டிக்கொண்டிருந்தாள் அம்மா.

"எல்லாம் என் பையன் பண்ணது. பாருங்க, இதான் நம்ம ஜன்னல். ஆபீஸ்ல இவன் பண்ணாத்தான் எடுபடுமாம்."

அந்த அம்மாள் தாளைத் திருப்பும் சத்தம். "அட, பொண்ணு வீடு போட்டிருக்கு. பையன் வீட்டக் காணோமே?"

அம்மா யோசிக்கக்கூட இல்லை. "அவன் வீடு ரொம்பச் சின்னதுங்க. கால் நீட்ட எடம் கிடையாது. பாவம், அவன் என்ன பண்ணுவான்?"

செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டேன். பழத்தையும் துண்டையும் அங்கே இருந்த பணிப்பெண்ணிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

எங்கள் வீட்டில் மூன்று படுக்கையறை. ஒன்றில் பிரிண்டர் இருக்கிறது.