சிவப்பு வாஷர்கள்

நாள் 211. காலை 08:10. செவ்வாய், வடமேடு பசுமைக்கூடம்.
பதிவு: செண்பகவல்லி, தாவரப் பிரிவு. காற்றழுத்தம் சரி. தண்ணீர் சரி. தக்காளிக்கு மட்டும் என்மேல் கோபம், இலையைச் சுருட்டிக்கொண்டிருக்கிறது.

இஞ்சிச் சாறு புளித்துவிட்டது. ஆறு கண்ணாடி பாட்டில்களில் அடைத்தேன். கம்பியை அழுத்தினால் பீங்கான் மூடி இறுக்கமாக உட்காரும் பழைய ரகம். மூடிக்கு அடியில் இருக்கும் சிவப்பு ரப்பர் வாஷர்தான் கேஸைப் பிடித்து வைப்பது. புது வாஷர் ஒரு பாக்கெட் இருக்கிறது. ஆனால் இந்தக் குளிரில் விறைத்துக் கிடக்கிறது. அதை இரண்டு பாட்டிலுக்கு மட்டும் போட்டேன். குக்கர் கேஸ்கெட்டைத் திருப்பிப் போட்டும், ஃப்ரீசரில் வைத்து எடுத்தும் வருஷக்கணக்கில் ஓட்டுகிற கோவில்பட்டி வீட்டில் வளர்ந்தவள் நான். பழசைத் தூக்கிப்போட மனசு வருமா? எல்லாப் பழசையும் உருக்கிய தேங்காய் எண்ணெயில் ஊறவைத்துத் துடைத்தேன். பட்டு மாதிரி ஆகிவிட்டது. நான்கு பாட்டிலுக்கு அதுதான். மிச்சம் டப்பாவில்.

நாள் 214. மாலை 18:15.
புழுதிப் புயல். பிலவேந்திரன் அண்ணாச்சி மலைக்கு அந்தப் பக்கம், பனிக்கட்டி தோண்டும் கொட்டகையில் மாட்டிக்கொண்டார். இந்தக் கிரகத்தில் என்னைத் தவிர இருக்கும் ஒரே ஆள். மணப்பாட்டுக்காரர். செயற்கைக்கோள் தலைக்கு மேல் வரும்போது, காலையும் மாலையும் கொஞ்ச நேரம் பேசிக்கொள்வோம். இன்று வந்தது:

"செண்பகம், மாத்து ஆக்சிஜன் சிலிண்டர் வாய்ல இருக்க வாஷர் கீறிப் போச்சு. ஓடிட்டு இருக்கது இன்னும் மூணு நாளைக்கு வரும். உன் பாட்டில் வாஷர் இதே அளவுதான?"

அளந்து பார்த்தேன். அதே அளவுதான்.

நாள் 215. காலை 07:30.
ஆளில்லா வண்டியில் வாஷர்களை அனுப்பிவிட்டேன். விறைத்த புதுசு வேண்டாம் என்று, ஊறவைத்த பழசிலேயே மிருதுவாக இரண்டைப் பொறுக்கி, இன்னொரு முறை துடைத்து வைத்தேன். அவருக்குப் போவது நல்லதாக இருக்கட்டும்.

வண்டி போன பிறகு கூடம் ரொம்பப் பெரிதாகத் தெரிகிறது. தனியாக இருக்கப் பயமில்லை என்று தேர்வுக் குழுவிடம் சொன்னவள் நான். அவ்வளவும் பொய். அந்த மனிதர் காலையில் இருமுகிற சத்தம் கேட்டால்தான் எனக்குச் சோறு இறங்குகிறது.

நாள் 217. காலை 06:20.
"வந்து சேந்துட்டும்மா. கையுறையோடவே மாட்டிட்டேன். அம்சமா உக்காந்துச்சு. மத்தியானம் பழைய சிலிண்டர் தீரவும் இதத் திறந்து விடுதேன். சாயங்காலம் பேசுவோம்."

நிம்மதி. கொண்டாட ஒரு பாட்டிலைத் திறக்கப் போகிறேன்.

நாள் 217. காலை 06:55.
கேஸ் இல்லை. ஊறவைத்த வாஷர் போட்ட நான்கும் வெறும் தண்ணீர். புது வாஷர் போட்டதில் ஒன்றைத் திறந்தேன், நுரை பொங்கியது.

பழைய வாஷரைக் கழற்றிப் பார்த்தேன். உப்பியிருக்கிறது. விரலால் நசுக்கினால் எண்ணெய் கசிகிறது. துடைத்தது மேலே இருந்ததை மட்டும்தான். மீதியை ரப்பர் குடித்திருக்கிறது.

அழுத்தி அடைத்த ஆக்சிஜன் பட்டால் எண்ணெய் தீப்பிடிக்கும், வெடிக்கும். பயிற்சியில் முதல் நாள் பாடம். சிலிண்டரைத் தொடும்முன் சோப்புப் போட்டுக் கை கழுவு என்பதாக மட்டுமே அது என் மண்டையில் ஏறியிருந்தது. வாஷரை அனுப்பும்முன்கூட நன்றாகக் கை கழுவினேன்.

செயற்கைக்கோள் அடிவானத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. பூமிக்குப் பேசவும் அதே செயற்கைக்கோள்தான். ஓடிப்போய்ச் சொல்ல வண்டியும் அங்கேதான் நிற்கிறது. மாலைவரை என் குரல் அவரிடம் போகாது.

நாள் 217. மத்தியானம்.
கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன். போகாது என்று தெரியும். திறக்காதீங்க அண்ணாச்சி. பழையது தீரக் கொஞ்சம் தாமதமாகட்டும். தூங்கிப் போயிருங்க. எதுவாவது செய்யுங்க, அதைத் திறக்க மட்டும் வேண்டாம்.

நாள் 217. மாலை 18:05.
தொடர்பு கிடைத்தது. முதலில், கொட்டகைக்கு வெளியே கம்பத்தில் இருக்கும் கருவியின் அளவுகள் வந்தன. கொட்டகை உள் அழுத்தம் பூஜ்யம். இரண்டாம் முறை கேட்டேன். பூஜ்யம்.

பிறகு, வரிசையில் காத்திருந்த அவர் குரல். மத்தியானம் பதிந்தது.

"செண்பகம், புயல் அடங்குது. ரெண்டு நாள்ல வந்துருவேன். உன் இஞ்சிச் சாறு ஒரு பாட்டில் எனக்கு எடுத்து வையி. பழைய சிலிண்டர் தீந்துட்டு. இந்தா, இதத் திறந்துட்டு வாரேன்."

நாள் 217. மாலை 18:20.
பூமிக்குச் சொல்ல வேண்டும். எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. செயற்கைக்கோள் இறங்குவதற்குள் அவருக்குப் பதில் அனுப்பினேன்.

"எடுத்து வச்சிருக்கேன் அண்ணாச்சி."

செய்தி வந்து சேர்ந்தது என்று அங்கிருக்கும் கருவி உடனே சொன்னது.