நாலரை மணி ஹீட்டர்

நவம்பர் 14, செவ்வாய்

கரண்ட் பில் வந்தது. போன வருஷம் இதே மாதம் வந்ததைப் போல ஒன்றரை மடங்கு. செருப்பைக்கூடக் கழற்றாமல் மூன்று முறை பார்த்தேன். மூன்று முறையும் அதே எண்தான். இந்த வீட்டில் கேஸ் கிடையாது. அடுப்பு, வெந்நீர், குளிருக்கு அறை ஹீட்டர், துணி துவைப்பது என்று மூச்சு விடுவதைத் தவிர எல்லாமே கரண்டில்தான்.

இவர் வாங்கிப் பார்த்துவிட்டு, "நான் பகல்லயும் வீட்ல இருக்கேன்ல, அதான்" என்றார்.

இவர் வேலை பார்த்த அச்சகம் மூடி நாலு மாதம் ஆகிறது. இருபத்திரண்டு வருஷம் ஒரே மெஷினை ஓட்டிய மனுஷன். "அதெல்லாம் இல்லைங்க" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதேதான் காரணம் என்று நானும் நினைத்தேன்.

நவம்பர் 16, வியாழன்

சிக்கனம் ஆரம்பம். கெட்டிலில் இரண்டு கப் தண்ணீருக்கு மேல் கூடாது. துவைக்கப் பச்சைத் தண்ணீர். ஆள் இல்லாத அறையில் விளக்கு எரிந்தால் அபராதம். டீவிக்குக் கீழே இருக்கும் சிவப்புப் புள்ளியைக்கூட விடவில்லை, பிளக்கோடு பிடுங்கிவிட்டேன்.

"ஃபிரிட்ஜையாவது விட்டு வைப்பியா, அதுவும் ஜன்னலுக்கு வெளியிலதானா?" என்கிறார் இவர்.

நவம்பர் 19, ஞாயிறு

பாப்பா ஃபோனில் சொல்லச் சொல்ல, மின்சாரக் கம்பெனியின் ஆப்பை என் ஃபோனில் போட்டேன். (பாப்பாவுக்கு வயது பத்தொன்பது. விடுதியில் தங்கிப் படிக்கிறாள். எங்களுக்கு இன்னும் பாப்பாதான்.) அரை மணிக்கு ஒரு பட்டை. எவ்வளவு கரண்ட் இழுத்ததோ அவ்வளவு உயரம். காலை ஏழிலிருந்து பத்து வரை மலை மாதிரி நிற்கிறது. அதற்கு மேல் பகல் முழுக்க ஹீட்டர் மேடு. நான் ஆறரைக்கே வேலைக்குக் கிளம்பிவிடுகிறேன்.

"ஏழுலேருந்து பத்து வரைக்கும் குளிக்கிறீங்களா, இல்ல குளம் வெட்டுறீங்களா?" என்று கேட்டேன். விளையாட்டாகத்தான்.

அந்தப் பக்கம் பாப்பா, "அப்பா, ஸ்வெட்டர்னு ஒண்ணு கண்டுபிடிச்சிருக்காங்க, தெரியுமா?" என்றாள்.

மூன்று பேரும் சிரித்தோம். இவர் கொஞ்சம் முன்னாடியே நிறுத்திவிட்டாரோ?

நவம்பர் 27, திங்கள்

பகல் பட்டைகள் படுத்தேவிட்டன! பத்திலிருந்து நாலரை வரை தரையோடு தரை. காலை மலை மட்டும் அசைய மாட்டேன் என்கிறது. இருக்கட்டும், ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொள்ளலாம்.

வேலையிடத்தில் தையல்கார அக்காவிடம் பெருமையடித்துக்கொண்டேன். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் எனக்கு இஸ்திரி மெஷின், அவருக்குக் கிழிந்த விரிப்புகள்.

"அப்ப உன் வீட்டுக்காரர் பகல்ல எங்க போறாரு?"

"எங்கயும் போகல. வீட்லதான்."

அக்கா நூலைப் பல்லால் கடித்தபடி என்னை ஒரு மாதிரி பார்த்தார். அங்கே நாள் முழுக்க ஆவியில் நிற்கிறோம். வெந்த கிழங்கு மாதிரிதான் வீட்டுக்கு வருகிறேன். வந்தால் வீடும் கதகதவென்று இருக்கிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

டிசம்பர் 5, செவ்வாய்

இவருக்கு இருமல். தூசி என்கிறார். நம் வீட்டில் ஏது தூசி?

டிசம்பர் 12, செவ்வாய்

எழுத்து கோணலாகத்தான் வரும்.

இன்று சலவைக்கூடத்தில் பாய்லர் நின்றுவிட்டது. பன்னிரண்டு மணிக்கே எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கதவைத் திறந்தேன். உள்ளே தெருவை விடக் குளிர். நிஜமாகவே. பேசினால் புகை வந்தது, என் வீட்டுக்குள்!

இவர் சோபாவில் இருந்தார். ஓவர்கோட், அதற்கு மேல் போர்வை, தலையில் குல்லா. விரல் நுனியை வெட்டிவிட்ட பழைய கையுறை, புத்தகத்தில் பக்கம் புரட்ட. என்னைப் பார்த்ததும் முதல் காரியமாக எழுந்து ஹீட்டரிடம் ஓடினார். திருடன் மாதிரி. என் புருஷன், என் வீட்டில்.

"என்ன இது?"

"நாலரைக்குத்தான் போடுவேன். நீ அஞ்சரைக்கு வர்றப்ப சூடா இருக்கும்ல... இன்னிக்கு நீ சீக்கிரம் வந்துட்ட."

"மூணு வாரமா இப்படியேவா?"

"லைப்ரரிக்கும் போவேன். இன்னிக்கு அது லீவு."

கையைப் பிடித்தேன். ஐஸ். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. யாருங்க உங்களை இப்படிக் கிடக்கச் சொன்னது, நான் சொன்னேனா, என்று கத்தினேன். கத்தும்போதே உள்ளே ஒன்று கேட்டது — நீதானேடி சொன்னே? பட்டை படுத்துடுச்சுன்னு ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சது யாரு?

அவர் மெதுவாகச் சொன்னார்: "சம்பாதிக்காதவன் எதுக்கும்மா சூடு காயணும்?"

அப்புறம்தான் அழுதேன். கோட்டோடு அவரைக் கட்டிக்கொண்டு, நின்ற இடத்திலேயே. "இன்னொரு வாட்டி இந்த வார்த்தையைச் சொன்னீங்கன்னா பாருங்க." என்ன பார்க்கச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. அவர் என் முதுகைத் தட்டித் தட்டி, "சரி, சரி, விடு, மூக்கைத் துடை" என்கிறார். குளிரில் கிடந்தது அவர், சமாதானம் எனக்கு.

டிசம்பர் 13, புதன்

ஹீட்டர் நாள் முழுக்க ஓட வேண்டும். உத்தரவு. பில் வந்தால் வரட்டும்.

டிசம்பர் 17, ஞாயிறு

இன்று நடந்ததை வரிசையாக எழுத வேண்டும்.

காலைச் சாப்பாடு முடிந்து இருவரும் ஆப்பைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தக் காலை மலையைக் காட்டி இவர் கேட்டார்: "இது எதும்மா?"

"உங்க குளியல்தான்."

"நீ குளம் வெட்டுறியான்னு கேட்ட நாள்லேருந்து நான் பச்சைத் தண்ணிலதான் குளிக்கிறேன்."

டிசம்பரில்! அவருக்கோ என் முகத்தைப் பார்க்க நேரமில்லை. கண்ணில் பழைய வெளிச்சம். மெஷினில் ஏதாவது சத்தம் மாறினால் வருமே, அது. "நான் வெந்நீரே தொடல. அப்பவும் மலை குறையல. அப்ப குளியல் இல்ல."

எழுந்து போய்க் குளியலறை அலமாரியைத் திறந்தார். வெந்நீர்த் தொட்டி அங்கேதான் இருக்கிறது. பக்கத்திலேயே அதன் டைமர், உள்ளங்கை அளவு கடிகாரம். குடிவந்த நாளிலிருந்து நாங்கள் யாரும் அதன் முகத்தில் விழித்ததில்லை.

"இப்ப மணி என்ன?"

"பத்தரை."

"இது அஞ்சரைங்குது."

செப்டம்பரில் எங்கள் குடியிருப்பின் பொது வராந்தாவில் ஒயரிங்கை மாற்றுகிறோம் என்று ஐந்து மணி நேரம் கரண்டை நிறுத்தினார்கள். கடிகாரமும் ஐந்து மணி நேரம் நின்றிருக்கிறது. கரண்ட் வந்ததும், விட்ட இடத்திலிருந்து ஓடியிருக்கிறது. ராத்திரி இரண்டிலிருந்து ஐந்து வரை, பாதி விலைக்குச் சூடாக வேண்டிய தண்ணீர், அன்றிலிருந்து காலை ஏழிலிருந்து பத்து வரை, விலை உச்சியில் இருக்கும் நேரத்தில் சூடாகிக்கொண்டிருக்கிறது.

இவர் அல்ல. இவர் வீட்டில் இருந்தது காரணமே அல்ல! கூடிப்போன பணத்தில் முக்கால்வாசியைத் தின்றது அந்தப் பொட்டிதான்.

ஒரு ஸ்க்ரூ டிரைவரால் முள்ளைத் திருப்பிச் சரியான மணிக்கு வைத்தார். இரண்டு நிமிஷ வேலை. தொட்டியிலிருந்து போகும் குழாய்க்கும் பழைய கம்பளியை வெட்டிச் சுற்றினார். அப்புறம் குளித்தார், வெந்நீரில். உள்ளே இருந்து பாட்டு. இந்த மனுஷனுக்குச் சுதி சேராது என்பதே மறந்துபோயிருந்தது.

ஜனவரி 8, திங்கள்

பில் இறங்கிவிட்டது. ஹீட்டர் பகலெல்லாம் ஓடியும்.

நேற்று எதிர்வீட்டு டீச்சரிடம் சொன்னேன். அவர் வீட்டுக் கடிகாரமும் ஐந்து மணி நேரம் பின்னால்! வராந்தாவில் எங்களைத் தவிரப் பன்னிரண்டு வீடு. இவர் ஸ்க்ரூ டிரைவரோடு போய் ஒவ்வொன்றாகத் தட்டினார். இரண்டு மணிக்குப் போனவர் ஏழு மணிக்கு வந்தார். பன்னிரண்டு வீட்டு டீயும் வயிற்றில்.

"கடைசி வீட்ல குழாய் ஒழுகிட்டிருந்துச்சு. சும்மா விட்டுட்டு வர முடியுமா?"

பிப்ரவரி 2, வெள்ளி

குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் வந்தார். கட்டடத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமாம். வாரம் நாலு நாள். சம்பளம் அச்சகத்தில் வாங்கியதில் பாதிதான். இவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். இதை அவரேதான் சொல்ல வேண்டும்.

"திங்கக்கிழமையிலேருந்து வரட்டுமா?" என்றார்.

மார்ச் 3, ஞாயிறு

பாப்பா ஃபோன் செய்தாள். உதவித்தொகைக்கு ஏதோ படிவம் நிரப்புகிறாளாம். "அப்பா தொழில்னு ஒரு கட்டம் இருக்கு. என்னன்னு போடட்டும்மா?" என்று தயங்கித் தயங்கி என்னிடம்தான் கேட்டாள்.

நான் ஃபோனை இவரிடம் கொடுத்தேன்.

தொண்டையைச் செருமிக்கொண்டு, "எழுதிக்கோ. கட்டடப் பராமரிப்பாளர்" என்றார். அதோடு விட்டாரா? ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல ஆரம்பித்தார்.

"அப்பா, எனக்கு எழுதத் தெரியும்ப்பா" என்று பாப்பா கத்துவது சமையலறை வரை கேட்டது.

"தெரியும்மா. இருந்தாலும் தப்பில்லாம எழுது" என்று மறுபடியும் முதல் எழுத்திலிருந்து தொடங்கினார்.