மித்ராவின் பெல்ட்டில் நீ போட்ட தையல்

என் செல்ல ராட்சசி அக்காவுக்கு,

உன் தையல் மெஷினைத் தொட்டுவிட்டேன். திட்டாதே. எவன் தொட்டாலும் கையை ஒடிப்பேன் என்று நீ சொன்னது மறக்கவில்லை. ஆனால் தொட வேண்டிய நிலைமை வந்துவிட்டது.

ஆன்லைனில் மலிவாகக் கிடைத்தது என்று நீ வாங்கினாயே, அந்த வெள்ளை மெஷின்தான். ரவிக்கை தைக்கிற மெஷினில் தோல் தைக்கிறாளாம் மகாராணி என்று எவ்வளவு கிண்டல் பண்ணியிருப்பேன்! நீ அசரவில்லையே. தடி ஊசி மாட்டி, தோல் ஒட்டாமல் இருக்கப் பவுடர் தடவி, மோட்டார் முனகினால் சக்கரத்தைக் கையாலேயே சுற்றி, பர்ஸ், கைப்பை என்று தெருவுக்கே தைத்துக் கொடுத்தாய்.

நீ போய் வருஷம் திரும்பப் போகிறது. முதலில் நீ தைத்துத் தந்த என் கண்ணாடிக்கூடு பிளந்தது. பழசாகிவிட்டது என்று நினைத்தேன். அப்புறம் எதிர்வீட்டுப் பத்மாம்மாவின் கைப்பை, மார்க்கெட்டில் தக்காளியோடு வார் பிய்ந்து விழுந்ததாம். "சிவகாமி தெச்சது போகாது, எனக்குத்தான் தூக்கத் தெரியலை" என்று அந்தம்மா தன்னையே நொந்துகொண்டார். வாங்கிப் பார்த்தேன். நூல் அறுந்துபோகவில்லை அக்கா. நூல் முழுசாக இருந்தது. அதை ஒட்டித் தோல்தான் கிழிந்திருந்தது.

அன்று சாயங்காலம் உன் மெஷினில் உட்கார்ந்தேன். நீ வைத்திருந்த அளவை மாற்றாமல் ஒரு துண்டுத் தோலைத் தைத்தேன். பொடிப் பொடித் தையல். ரவிக்கைக் கை பிரியாமல் இருக்க நெருக்கித் தைத்து, முடிவில் முன்னும் பின்னும் ஓட்டி இறுக்குவாயே, அதையே தோலிலும் செய்திருக்கிறாய். துணி ஊசிக்கு வழிவிட்டு மறுபடி மூடிக்கொள்ளும். தோலில் ஓட்டை விழுந்தால் விழுந்ததுதான். இழுத்தேன், தபால் தலை கிழிகிற மாதிரி வரிசையாக வந்தது.

அப்போதுதான் பெல்ட் நினைவுக்கு வந்தது. ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து தூங்கி வழிகிற மித்ராவை அவள் அம்மா இடுப்போடு சேர்த்துக் கட்ட நீ தைத்த பெல்ட்.

சுமாவிடம் சொன்னேன். என் மகளாச்சே, கேட்பாளா? "சும்னே இருப்பா! அத்தை என் குழந்தைக்காகத் தெச்சது. தரமாட்டேன், அஷ்டே, அவ்வளவுதான்" என்றாள் பாதிக் கன்னடத்தில். ரிங் ரோட்டில் லாரிகளுக்கு நடுவே என் பேத்தி தூங்கிக்கொண்டே போவதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இன்று தசரா லீவின் கடைசி நாள். காலையில் அவள் வீட்டுக்கே போனேன். "இழுத்துப் பார்க்கிறேன். தாங்கினா உன் அத்தை ஜெயிச்சா, நான் வாயே திறக்கலை" என்றேன். பக்கிள் பக்கம் பிடித்து ஒரே இழுப்பு. கையோடு வந்துவிட்டது. சுமா மித்ராவை வாரி எடுத்துக்கொண்டு அப்படி அழுதாள். "தாத்தா பெல்ட்டைக் கிழிச்சிட்டார்" என்று அந்தக் குட்டி வேறு என்னைப் பார்த்து முறைத்தது.

அப்பாடா, பிழைத்தோம் என்று செருப்பு மாட்டினேன். அப்போது சுமா சொன்னாள், "அப்பா, அத்தை ரெண்டு தெச்சாங்க. ஸ்கூல் கேட்ல மித்ராவோடதைப் பார்த்துட்டு யாரோ ஒரு அம்மா கேட்டாங்களாம். அதே மாதிரி ஒண்ணு தெச்சுக் குடுத்துட்டாங்க."

"யாருக்குடி?"

"கொத்தில்லப்பா, தெரியாது. பேர் சொல்லலை."

யாருக்குக் கொடுத்தாய் அக்கா? பிள்ளை ஆணா, பெண்ணா? எந்த வகுப்பு? வண்டி என்ன நிறம்? ஊர்க்கதை எல்லாம் வாய் ஓயாமல் சொன்னவளுக்கு இதை மட்டும் சொல்லத் தோன்றவில்லையா?

பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் சுமா போட்டுவிட்டாள். பலரும் பார்த்துவிட்டார்கள். லீவு முடிகிறதே என்று புலம்புகிறார்கள், பெல்ட்டைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. லீவில் அந்தப் பிள்ளையை எங்கெல்லாம் கட்டிக்கொண்டு போனார்களோ. சாமுண்டி மலைக்கா, கொள்ளேகாலுக்கா? நீ தைத்தது தாங்கும் என்று நம்பி, அந்த அம்மா பின்னால் திரும்பிக்கூடப் பார்க்காமல்தானே ஓட்டுவாள்? எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா.

நாளைக்கு கேட் திறப்பதற்கு முன்பே அங்கே நிற்பேன். வருகிற ஸ்கூட்டரை எல்லாம் நிறுத்துவேன். கிழவனுக்குப் பைத்தியம் என்று வாட்ச்மேன் விரட்டினாலும் நகர மாட்டேன். அந்தப் பெல்ட்டை என் கையால் அவிழ்க்கிற வரைக்கும் தினமும் போவேன், இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

சாமிக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்று உனக்குத் தெரியும். நீ பக்கத்தில்தானே இருக்கிறாய், சொல்லி வை. நாளைக்கு அந்தக் குழந்தை பள்ளிக்கூடம் வந்து சேரட்டும்.

உன் சண்டைக்காரத் தம்பி,
சேகர்