நாலாவது தூண்

நேற்று உன் வீட்டுக்குப் போயிருந்தேன். உன் மனைவி, சுருட்டிக் கயிறு கட்டிய பிளாஸ்டிக் டியூப் ஒன்றை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். கொத்தனார்கள் தண்ணீர் ஊற்றி மட்டம் பார்ப்பார்களே, அந்த டியூப்.

"பரண்ல கெடந்துச்சு அண்ணாச்சி. அவிய இத ஒருத்தரையும் தொட விட மாட்டாவ. இதோட வேல உங்களுக்குத்தான் தெரியும், கொண்டுபோங்க."

தெரியும்தான். அது சொன்னதை நான் கேட்டிருந்தால் உன் கை தப்பித்திருக்கும்.

கோவில்பட்டி பாலிடெக்னிக்கில் நாம் ஒரே பெஞ்சு. நான் சென்னைக்குப் போய் மின் ஆலைகளின் நீராவிக் குழாய்களுக்கு வரைபடம் போடுகிறவன் ஆனேன். நீ புதூர் பக்கம், சீமைக்கருவேல விறகை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலையில் பாய்லர் ஆபரேட்டர் ஆனாய். அந்த ஆலையின் குழாய் வரைபடம் என்னுடையது. கையெழுத்துப் போட்ட அன்றே உனக்குப் போன் செய்து பீற்றிக்கொண்டேன். "அப்ப நீ போட்ட கோட்டுக்கு அடியிலதான் எனக்குப் பொழப்புன்னு சொல்லு" என்று சிரித்தாய்.

பாய்லரிலிருந்து டர்பைன் கட்டடம் வரை, வெட்டவெளியில் ஆறு தூண்கள் மேல் போகிற குழாய் அது. ஆலையை ஓட்டத் தொடங்கும்போது குழாய் குளிர்ந்து கிடக்கும். முதலில் வரும் நீராவி தண்ணீராகிவிடும். அந்தத் தண்ணீர் சரிவில் ஓடி, கடைசியில் இருக்கும் வால்வு வழியாக வடிய வேண்டும். நடுவில் தேங்கினால் பின்னால் வரும் நீராவி அதை அள்ளிக்கொண்டு போய்ச் சம்மட்டி மாதிரி அடிக்கும். இதெல்லாம் பாலிடெக்னிக்கிலேயே படித்ததுதான். சரிவு கொடுத்திருந்தேன். மண்ணைத்தான் மறந்துவிட்டேன். சித்திரையில் மண் பரிசோதனை செய்தார்கள். கரிசல் பாறை மாதிரி இறுகி இருக்கிறது, தூண்களுக்கு ஆழமான அஸ்திவாரம் தேவையில்லை என்று எழுதினார்கள். இடைசெவல் கரிசலில் பிறந்து, கோடை வெடிப்பில் கால் மாட்டி அழுதவன் நான். அதே மண் ஐப்பசி மழையில் ஊதிக்கொண்டு எழும் என்று எனக்கா தெரியாது? அறிக்கையில் மண்ணின் வலுவுக்கு ஓர் எண் இருந்தது, அதை நம்பினேன்.

முதல் மழை முடிந்ததும் நீ இந்த டியூபைப் பிடித்துத் தூண் தூணாக அளந்துவிட்டுப் போன் செய்தாய்.

"ஏலே, அஞ்சாவது தூணு எந்திரிச்சிட்டு. நாலாவது தூணுகிட்ட குழா தொங்குது, தண்ணி அங்கனதான் நிக்குது. அந்த எடத்துல ஒரு வால்வு போட்டுக்குடு."

"கணக்குல சரிவு சரியாத்தாம்ல இருக்கு. கடைசி வால்வக் கொஞ்சம் கூடுதல் நேரம் தொறந்து வையி."

"கணக்கு அங்கன இருக்கு. மண்ணு இங்கனல்லா இருக்கு."

நடுவில் நிற்கும் தண்ணீர் கடைசி வால்வை எவ்வளவு நேரம் திறந்தாலும் வராது. அதைத் தெரிந்தே சொன்னேன். வரைபடத்தைத் திருத்தினால் என் தவறு என்று அலுவலகம் முழுக்கத் தெரியும். எனக்குப் பதவி உயர்வு பேசிக்கொண்டிருந்த நேரம்.

அதன்பிறகு ஒவ்வொரு மழைக்கும் நீ டியூபோடு நடந்தாய். நீராவியை மற்ற ஷிப்டுகளைவிட இரண்டு மடங்கு நேரம் எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக விட்டாய். "என்னய்யா, நீராவிக்கு மாப்பிள்ள அழைப்பா நடத்துதீரு?" என்று மேனேஜர் கேலி செய்ததை நீயே சொல்லிச் சிரித்தாய். நானும் சிரித்தேன், வெட்கமில்லாமல்.

கார்த்திகையில் மூன்று நாள் அடைமழை, ஆலை நின்றிருந்தது. மறுநாள் காலையில் சீக்கிரம் ஓட்டு என்று மேலிருந்து நெருக்கினார்கள். நீ அப்போதும் மெதுவாகத்தான் திறந்தாய். குழாய் அதிர்ந்து, மூட்டு பிளந்து, நீராவி உன் வலது கையைத் தின்றது.

விசாரணை அறிக்கையில் ஒரே வரி: 'ஆபரேட்டர் குழாயிலிருந்த நீரை முழுமையாக வடிக்கவில்லை.' வடிக்க வழியே இல்லை என்று எழுத வேண்டியவன் நான். வரைந்தவன் என்ற முறையில் அந்த வரிக்கு அடியில் கையெழுத்துப் போட்டேன். உனக்கு வேலை போயிற்று. ஒரு மாதம் கழித்து, நாலாவது தூணில் வால்வு வைத்து நானே வரைந்து அனுப்பினேன். வரைபடத்தின் மூலையில் 'திருத்தத்துக்கான காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் 'பராமரிப்பு வசதிக்காக' என்று எழுதினேன்.

உன்னைப் பார்க்க வந்தபோது நீ ஆடுகள் தின்னக் குழை கட்டிக்கொண்டிருந்தாய், இடது கையால். அறிக்கையைப் பற்றிக் கேட்பாய் என்று பயந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன்.

"நாலாவது தூண்ல வால்வு போட்டாச்சாலே?"

"போட்டாச்சு."

"அது போதும்ல. இனி வாரவன் கை தப்பிச்சிரும்."

அந்த 'போதும்' என்ற சொல்லை மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். நீ கேட்டது வேறு யாருடைய கைக்காகவோ. அதுகூடப் புரியாத மாதிரி இத்தனை வருடம் இருந்தேன். போன ஆடியில் நெஞ்சுவலி வந்து நீ போய்விட்டாய்.

வரைபடம் போடுகிறவன் ஒரு மழைக்காலமாவது அந்த ஆலையில் ஷிப்ட் பார்க்க வேண்டும் என்று இப்போது கூட்டங்களில் சத்தம் போடுகிறேன். கரிசலில் ஐப்பசியில் மண் எடுத்துச் சோதிக்காவிட்டால் கையெழுத்துப் போடுவதில்லை. இதையெல்லாம் யாரிடம் கற்றேன் என்று மட்டும் எவரிடமும் சொன்னதில்லை.

நேற்று உன் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"இது அவியளுக்குத் தெரியுமா?"

"எல்லாம் தெரியும்."

"எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லலியே. அப்பா கவனமில்லாம கையச் சுட்டுக்கிட்டாருன்னுதான் எங்க மக இன்னைக்கும் நெனச்சுக்கிட்டு இருக்கா. அவகிட்ட மட்டும் சொல்லிருங்க அண்ணாச்சி."

இன்று காலை ஆலைக்குக் கடிதம் எழுதி, வால்வு வைத்துத் திருத்திய அந்தப் பழைய வரைபடத்தையும் இணைத்தேன். மூலைக் கட்டத்தில் இருந்ததை அடித்துவிட்டு இப்படி எழுதியிருக்கிறேன்: 'முதல் மழையிலேயே ஆபரேட்டர் அளந்து சொன்னார். வரைந்தவன் கேட்கவில்லை.' கீழே என் கையெழுத்து.

அதன் நகலோடும் இந்த டியூபோடும், புதியம்புத்தூரில் தையல் வேலையில் இருக்கும் உன் மகளைப் பார்க்கப் போகிறேன். அவள் என்ன சொல்வாளோ தெரியாது. போதும்ல என்று சொல்ல இந்தமுறை நீ இல்லை.